மேலிலையா, வயதா? ஒரே சுருட்டு 3 வருடத்தில் வேறு சுருட்டானது எப்படி?

நீலப்புகை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருந்த கேள்வி இது.

3 வருடத்துக்கு முன் ஒரே தயாரிப்பில் இரண்டு பெட்டி எடுத்து வைத்தேன். இரண்டுக்கும் உள்ளே நிரப்பும் உள்ளிலை, அதைச் சுற்றிக் கட்டும் கட்டிலை ஒன்றுதான் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். வெளியே போர்த்தும் மேலிலை மட்டும் வேறு. ஒன்றில் ஈக்வடாரில் விளைந்த வெளிர்பழுப்பு ஹபானோ, இன்னொன்றில் கறுத்த மடூரோ. வாங்கிய வாரமே இரண்டிலும் ஒவ்வொன்று பிடித்துப் பார்த்துக் குறிப்பு எழுதினேன். ஹபானோவில் முதல் அங்குலம் முழுக்க மிளகு, மூக்கு வழியாகப் புகையை விட்டால் கண்ணில் நீர் வந்தது. மடூரோவில் கோகோ, ஈரமண் வாசம், நாக்கில் லேசான இனிப்பு.

போன வாரம் இரண்டையும் மறுபடி எடுத்தேன். ஹபானோவை அடையாளமே தெரியவில்லை. மிளகு ஓரமாக ஒதுங்கிவிட்டது. அந்த இடத்தில் மரவாசம், வறுத்த கொட்டை, முடிவில் தோல் வாசம். மடூரோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. கொஞ்சம் வழவழப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே ஹியூமிடரில், அதாவது சுருட்டின் ஈரம் காக்கும் பெட்டியில், ஒரே ஈரப்பதத்தில் இருந்தவை. அப்படியானால் வயது வேலை செய்வதே மேலிலையைப் பொறுத்துத்தானா? இல்லை, நான் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனா?

இலைக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி. குழப்பம் உங்களிடம் இல்லை, "வயது" என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு சுருட்டுக்கு இரண்டு வயது உண்டு. இலையாக இருந்தபோது ஏறிய வயது ஒன்று, சுற்றி முடித்த பிறகு ஏறுவது ஒன்று. இரண்டும் செய்யும் வேலை வேறு.

அறுத்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காற்றில் பாடம் செய்கிறார்கள். பச்சை போய்ப் பழுப்பு வருவது அங்கேதான். அதன்பின் இலைகளை அம்பாரமாக அடுக்கினால் தன் எடையிலும் ஈரத்திலும் தானே சூடேறும். உள்ளே 40 டிகிரியைத் தாண்டும். சூடு எல்லை மீறும் முன் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்து மறுபடி அடுக்க வேண்டும். இதுதான் நொதித்தல். அந்த நேரத்தில் கொட்டகைக்குள் போனால் அம்மோனியா மூக்கைப் பிய்த்துவிடும். கொஞ்ச காலம் இலை தரம் பிரிக்கும் இடத்தில் இருந்தவன் நான், அந்த நெடியை இன்னும் மறக்கவில்லை. அந்த அம்மோனியாவோடு நிகோடினிலும் ஒரு பங்கு போகிறது, கரகரப்பும் போகிறது.

அப்புறம் இலை மூட்டைகளில் ஓய்வெடுக்கும். சில மாதமும் இருக்கலாம், சில வருடமும் இருக்கலாம். பட்ரோன் நிறுவனத்தின் 1964 ஆனிவர்சரி வரிசைக்கு 4 வருடம், 1926 வரிசைக்கு 5 வருடம் என்று அவர்களே சொல்கிறார்கள். கியூபாவின் கோஹிபா மடூரோ 5 வரிசையில் அந்த 5 என்பது மேலிலையின் வயது.

சுற்றுவதற்கு முன் இலையை மறுபடி ஈரப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விரலில் உடைந்துவிடும். அந்த ஈரம் அடங்கியிருந்த வேதிவேலையைத் திரும்பவும் கொஞ்சம் கிளப்பிவிடும். அதனால்தான் புதிதாகச் சுற்றிய சுருட்டைச் சில மாதத்தில் பற்றவைத்தால் அம்மோனியா நெடியும் நாக்கில் ஓர் உலோகச் சுவையும் வருகிறது. பழைய ஆட்கள் அதைச் சுருட்டின் "நோய்க்காலம்" என்பார்கள். தொழிற்சாலையில் சீடர் மரம் அடித்த அறையில் ஓய்வுக்கு வைப்பது அது தீரத்தான்.

இப்போது உங்கள் பெட்டிகளுக்கு வருவோம். மடூரோ மேலிலை தன் வேலையில் பெரும்பகுதியை அம்பாரத்திலேயே முடித்துக்கொண்டு வந்தது. அதிகச் சூடு, அதிக நாள். ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்குப் பொருளே "பழுத்தது". பழுத்து வந்ததை 3 வருடம் வைத்தால் பெரிதாக என்ன மாறும்? ஹபானோ மேலிலை காரத்தோடு வந்தது. அது மாற இடம் இருந்தது, மாறியது.

சாம்பல்மணி எழுதியது:

மேலிலைதான் எல்லாம் என்பது என் கட்சி. சுவையில் 60 முதல் 70 சதவீதம் மேலிலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாக்கிலும் உதட்டிலும் படுவது அது, முதலில் எரிவது அது. நீலப்புகையின் அனுபவமே இதற்குச் சாட்சி. உள்ளிலை ஒன்றாக இருந்தும் சுவை வேறாக இருந்ததே!

அளவுகோல் எழுதியது:

சாம்பல்மணி அண்ணா, அந்த 70 சதவீதத்தை நானும் பத்து இடத்தில் படித்திருக்கிறேன். எந்த அளவுச் சுருட்டுக்கு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுருட்டின் தடிமனை அளக்கும் ரிங் கேஜ் என்பது ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு. 38 ரிங் லான்செரோ என்ற மெலிந்த வகையின் விட்டம் சுமார் 15 மில்லிமீட்டர். 60 ரிங் கோர்டோ என்ற தடித்த வகையின் விட்டம் 24க்குச் சற்றுக் குறைவு. மேலிலை ஒரு தாள்போலச் சுற்றளவில் மட்டும் இருக்கிறது, உள்ளிலை வட்டம் முழுவதையும் நிரப்புகிறது. லான்செரோவில் சுற்றளவு 47 மில்லிமீட்டர், குறுக்குவெட்டுப் பரப்பு 180 சதுர மில்லிமீட்டர். கோர்டோவில் சுற்றளவு 75, பரப்பு 445. ஒன்றை ஒன்றால் வகுத்தால், ஒரே அளவு உள்ளிலைக்கு லான்செரோவில் எரியும் மேலிலை கோர்டோவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்.

ஒரே கலவையைத் தடிமனில் பிடித்தால் ஒரு சுருட்டு, மெலிதில் பிடித்தால் வேறு சுருட்டு என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். மேலிலையின் குணம் தெரிய வேண்டுமானால் மெலிந்த அளவை வாங்குங்கள். 60 ரிங்கில் அருமையான மேலிலையைப் போர்த்துவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. கோபிப்பவர்கள் கோபிக்கலாம்.

சாம்பல்மணி எழுதியது:

கோபம் இல்லை. கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவு குறைவாக இருந்தாலும் மேலிலைதான் எண்ணெய்ப்பசை மிகுந்த இலை. சிட்டிகை உப்பு போலத்தான், எடையை வைத்துச் சுவையை அளக்க முடியாது.

இலைக்காரன் எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த மேலிலை என்று கேட்காமல் சதவீதம் பேசுவதுதான் சிக்கல். சில மேலிலைகள் பேசவே பேசாது. சில வாயை மூடாது.

கனெக்டிகட் ஷேடை எடுத்துக்கொள்ளுங்கள். 1900ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில், வின்ட்சரில், துணிப்பந்தல் போட்டு அதன் கீழ் பயிரிட்டார்கள். அப்போது சுமத்ராவிலிருந்து வந்த மெல்லிய மேலிலை அங்கே சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பந்தல். வெயில் வடிகட்டி விழுவதால் இலை மெலிதாக, நரம்பு தெரியாமல், பட்டுப்போல வளரும். ஒவ்வோர் இலையாகக் கையால் பறிப்பார்கள். அதன் சுவை பாலேடு, வைக்கோல், லேசான மரவாசம். உள்ளிலை பேச அது வழி விடும்.

அதே பள்ளத்தாக்கில் பிராட்லீஃப் என்று ஒன்று. முழு வெயிலில், பந்தல் இல்லாமல், தடித்து வளரும். இலை இலையாகப் பறிக்காமல் செடியோடு அறுத்துத் தொங்கவிடுவார்கள். தடித்த இலை என்பதால் மடூரோவின் நீண்ட நொதித்தலைத் தாங்கும். மெல்லிய ஷேடை அந்தச் சூட்டில் போட்டால் நைந்துபோகும். மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதியில் சான் ஆந்த்ரேஸ் பள்ளத்தாக்கின் கறுத்த இலையும் இந்தக் குணம்தான். மண்வாசம், கோகோ, ஒரு கசப்புச் சாக்லேட் முடிவு.

ஈக்வடாரில் மேகமே பந்தல். வருடத்தில் பெரும்பகுதி வானம் மூடிக்கிடப்பதால் துணி கட்டாமலே நிழல் கிடைக்கிறது. கனெக்டிகட், சுமத்ரா, ஹபானோ என்று எந்த விதையைப் போட்டாலும் அந்த நிழலில் மென்மையாக வருகிறது. கேமரூன் இலை தனி ரகம். கையால் தடவினால் மேலே பொடிப்பொடியாக முள்முள்ளாகத் தெரியும், அத்தனையும் எண்ணெய்ப் புள்ளிகள். எரியும்போது சாம்பலிலும் அந்தப் புள்ளிகள் வெள்ளையாக நிற்கும். மெல்லிய இலைதான், ஆனால் இனிப்பும் காரமும் சேர்ந்த அதன் வாசத்தை வேறு இலையில் நான் கண்டதில்லை.

டொமினிக்கன் குடியரசில் நல்ல மேலிலை விளையாது என்றுதான் தொழிலில் நெடுநாள் பேச்சு. அங்கே சுருட்டு செய்யும் ஃபுவென்டே குடும்பம் தங்கள் பண்ணையிலேயே மேலிலை விளைவித்து 1995இல் ஓபஸ் எக்ஸ் என்ற சுருட்டைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. மண் எவ்வளவோ, வளர்ப்பவர் கையும் அவ்வளவு.

கியூபாவின் புகழ்பெற்ற கொரோஹோ மேலிலை நீலப்பூஞ்சை நோயைத் தாங்கவில்லை என்பதால் 1990களில் அதைக் கைவிட்டு, நோய் தாங்கும் கலப்பு ரகங்களுக்குப் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டுப் பெட்டிகளைச் சிலர் பொக்கிஷமாகத் தேடுவதில் வயதும் உண்டு, அந்த இலை இனி இல்லை என்பதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

மெதுநெருப்பு எழுதியது:

நான் புதியவன். தவறாகக் கேட்டால் மன்னிக்கவும். கறுப்பாக இருந்தால் காட்டமாக இருக்கும் என்று நினைத்து இதுவரை மடூரோ பக்கமே போகவில்லை. அது சரிதானா? இன்னொன்று, மடூரோவின் இனிப்பு சர்க்கரையா?

இலைக்காரன் எழுதியது:

மன்னிப்பு எதற்கு, எல்லாரும் இங்கிருந்துதான் தொடங்கினோம்.

நிறத்துக்கும் காட்டத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை. காட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நிகோடின். அது உள்ளிலையில் லிஹெரோ எவ்வளவு என்பதைப் பொறுத்தது. செடியின் மேற்பகுதி இலை லிஹெரோ, வெயிலை அதிகம் வாங்கித் தடித்து, காட்டம் ஏறி, மெதுவாக எரியும். நடுவில் செகோ, வாசனைக்கு. அடியில் வோலாடோ, நன்றாக எரிய. வெளிர் மேலிலைக்குள் நிறைய லிஹெரோ இருந்தால் உட்கார்ந்த இடத்தில் தலைசுற்றும். கறுத்த மடூரோவுக்குள் மென்மையான கலவை இருந்தால் சாதுவாக இருக்கும்.

இனிப்பைப் பற்றி: காற்றில் மெல்லப் பாடம் செய்யும்போது இலையிலிருந்த சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. மடூரோவில் நமக்கு இனிப்பாகத் தெரிவது நீண்ட சூட்டில் உருவாகும் வாசனைப் பொருட்கள். காப்பிக்கொட்டையை வறுத்தால் வரும் நிறமும் மணமும் போன்ற ஒன்று. மலிவு வகையில் சிலர் சாயம் ஏற்றிக் கறுப்பாக்குவதும் உண்டு. நனைத்த வெள்ளைத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். லேசான பழுப்பு ஒட்டினால் இயல்பு. மை போலக் கறுப்பு வந்தால் அந்தப் பெட்டியை வயதாக்க நினைக்க வேண்டாம்.

பெட்டிக்காவல் எழுதியது:

வயதாக்குவது பற்றி என் பங்கு. 11 வருடமாகப் பெட்டி சேர்க்கிறேன், அதில் முதல் 2 வருடம் பாழ்.

அப்போது 70 சதவீத ஈரப்பதம், 21 டிகிரி என்பதை வேதமாக எடுத்துக்கொண்டேன். அளக்க வைத்திருந்த மானியோ 5 புள்ளி குறைவாகக் காட்டியது, நான் சரிபார்க்கவில்லை. உண்மையில் உள்ளே 75 ஓடியிருக்கிறது. 8 மாதம் கழித்து அடிப்பெட்டியைத் திறந்தால் சுருட்டின் பற்றவைக்கும் நுனியில் வெள்ளையாகப் பஞ்சுபோல. "பூ பூத்திருக்கிறது, எண்ணெய் படிகமாக வெளியே வருகிறது, நல்ல வயதின் அடையாளம்" என்று எனக்குச் சொன்னார்கள். நம்பி இன்னும் 4 மாதம் வைத்தேன். அது பூஞ்சை. உள்ளிலை வரை இறங்கி 18 சுருட்டு போயிற்று. நோய்க்காலம் தாண்டி, பாதி வயது ஏறியவை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் சொல்கிறேன், வெள்ளையாக எது தெரிந்தாலும் பூஞ்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருட்டை உடனே பிரித்து வையுங்கள். மானியை உப்புச் சோதனையில் சரிபாருங்கள். மூடிய டப்பாவில் கொஞ்சம் ஈரமான சாப்பாட்டு உப்போடு வைத்தால் ஒரு நாளில் 75 காட்ட வேண்டும்.

இப்போது நீண்டநாள் வைக்கும் பெட்டிகளை 62 முதல் 65இல், 18 டிகிரியில் வைக்கிறேன். மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் சீராக நடக்கும். தடித்த பிராட்லீஃபுக்கு இது இன்னும் பொருந்தும். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இலை, 70இல் இருந்தால் உள்ளே எரிய மேலே எரியாமல் படுத்தும். வெப்பம் 25ஐத் தாண்டவே விடாதீர்கள். சூடு ஏறினால் இலைக்குள் உறங்கும் சுருட்டுவண்டின் முட்டை பொரியும், மேலிலையில் ஊசியால் குத்தியது போல ஓட்டைகள் வரும். சந்தேகமான பெட்டியை முதலில் காற்றுப்புகாமல் கட்டி 3 நாள் உறைபெட்டியில் வைத்து, ஒரு நாள் குளிர்பெட்டிக்கு மாற்றி, அதன்பின் வெளியே எடுப்பேன். நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

செலோஃபேன் உறையை நான் கழற்றுவதில்லை. அது மரக்கூழில் செய்தது, காற்றும் ஈரமும் மெல்லப் போய்வரும். வருடம் ஆக ஆக அது மஞ்சளாவதைப் பார்ப்பதே எனக்குச் சந்தோஷம்.

இன்னொரு செய்தி. ஹியூமிடருக்குள் அடிக்கும் ஸ்பானிஷ் சீடர் உண்மையில் தேவதாரு வகையே இல்லை. அது வேப்பமரக் குடும்பம். பூச்சிக்கு அந்த மணம் பிடிக்காது என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

சாம்பல்மணி எழுதியது:

பெட்டிக்காவல், உங்கள் நஷ்டத்தைப் படித்து மனம் கனத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரையும் எதிர்க்கிறேன். "வைத்தால் நல்லதாகும்" என்று பொதுவாகச் சொல்கிறோம். என்னிடம் கனெக்டிகட் ஷேட் போர்த்திய மென்மையான சுருட்டு ஒரு பெட்டி இருந்தது. புதிதில் பாலேடும் வைக்கோலுமாக அழகாக இருந்தது. 6 வருடம் வைத்தேன். திறந்தபோது வாசம் இருந்தது, பற்றவைத்தால் வெந்நீர் குடிப்பது போல இருந்தது. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ரசிக்கவும் ஒன்றும் இல்லை. வயது கரகரப்பை எடுக்கும்போது வாசனை எண்ணெயையும் சேர்த்தே எடுக்கிறது. எடுப்பதற்குக் கரகரப்பு இல்லாத சுருட்டில் அது நேரே வாசனையில் கைவைக்கும்.

காண்டேலா இன்னும் மோசம். பச்சை நிறம் போகாமல் இருக்கச் சூடு கொடுத்து விரைவாக உலர்த்திய இலை அது. அந்தப் பச்சைப்புல் வாசம்தான் அதன் உயிர். அதை வருடக்கணக்கில் வைப்பது அர்த்தமற்றது.

அளவுகோல் எழுதியது:

முழுக்க உடன்படுகிறேன். என் கணக்கு இப்படி: முதல் நாளே பிடித்திருந்தால் பிடித்துவிடுங்கள். முதல் நாள் "இன்னும் கொஞ்சம் அடங்கினால் பிரமாதம்" என்று தோன்றினால் மட்டும் வையுங்கள். மோசமாகக் கட்டியது, இழுவை வராதது, கசப்பது, இவற்றை வயது திருத்தாது.

மெதுநெருப்பு எழுதியது:

அப்படியானால் ஒரு பெட்டியை எவ்வளவு காலம் வைக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலைக்காரன் எழுதியது:

ஒரு பெட்டியை ஒரே மூச்சில் தீர்க்காமல் 6 மாதத்துக்கு ஒன்று எடுங்கள். அதே நேரம், வயிறு அதே நிலை, அதே பானம். வேறு யாராவது எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, எது என்று உங்களுக்குத் தெரியாது. குறிப்பில் 3 விஷயம் போதும்: மூக்கில் காரம் எவ்வளவு, நாக்கு எவ்வளவு உலர்ந்தது, பிடித்து முடித்து 10 நிமிடம் கழித்து வாயில் என்ன மிஞ்சியது. மூன்றாவது குறையத் தொடங்கினால் அந்தப் பெட்டி உச்சத்தைத் தாண்டிவிட்டது, மீதியைப் பிடித்துவிடுங்கள்.

நீலப்புகை, உங்களிடம் இரண்டு பெட்டியிலும் மீதி இருக்கிறதா? இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஹபானோவிலும் மடூரோவிலும் ஒவ்வொன்று எடுத்து மேலிலையை முழுதாக உரித்துவிட்டுக் கட்டிலையோடு பற்றவையுங்கள். உள்ளே ஒன்றுதான் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எங்களிடம் இல்லை.

நீலப்புகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை செய்து பார்த்தேன். தலைப்பகுதியிலிருந்து நகத்தால் மெல்லப் பிரித்தேன். ஹபானோ ஒரே சுருளாக வந்தது, மடூரோ தடிப்பு என்பதால் துண்டுதுண்டாக. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவர் மாற்றி மாற்றிக் கொடுக்க, இரண்டையும் பிடித்தேன்.

எது எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டிலும் அதே மரவாசம், அதே வறுத்த கொட்டை, அதே அடங்கிய மிளகு. அதாவது மடூரோப் பெட்டிக்குள் இருந்த உள்ளிலையும் இந்த 3 வருடத்தில் ஹபானோப் பெட்டியில் இருந்தது போலவே மாறியிருக்கிறது. மாறவில்லை என்று நான் நினைத்தது மடூரோ மேலிலை அந்த மாற்றத்தைப் போர்த்தி மறைத்ததால். கோகோவும் மண்வாசமும் முன்னால் நிற்க, பின்னால் நடந்தது எனக்குத் தெரியவே இல்லை. இலைக்காரன் அண்ணா, மடூரோ பழுத்து வந்தது என்ற உங்கள் விளக்கம் மேலிலைக்குச் சரி, முழுச் சுருட்டுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். உரித்த சுருட்டு இரண்டுமே வேகமாக, சூடாக எரிந்தன, பாதிக்குமேல் கசந்தன. மேலிலை சுவை தருவதோடு, எரியும் வேகத்தையும் பிடித்துவைக்கிறது போல.

இலைக்காரன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், நான் மேலிலையோடு நிறுத்திவிட்டேன். உள்ளிலை இரண்டு பெட்டியிலும் ஒரே வேகத்தில் வயதாகியிருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.

உரித்த மேலிலைகளை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் இரண்டையும் தனித்தனியாக ஒரு சிறு துண்டு பற்றவைத்து முகர்ந்து பாருங்கள். ஹபானோ மேலிலையில் காரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நீலப்புகை எழுதியது:

எறியவில்லை, ஹியூமிடரின் ஓரத்தில் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். இன்று இரவு பார்த்துவிட்டு எழுதுகிறேன். மடூரோவில் 9 மிச்சம். அடுத்தது 6 மாதம் கழித்துத்தான், தேதியைப் பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதிவிட்டேன்.